லயத்தில் சும்மா கிடைத்தது, டவுனில் காசுக்கு வரும்

கேள்வி: அக்கா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு உயர்தரம் படிக்க ஹட்டனில் இடம் கிடைத்துவிட்டது. மகன் நாலாம் ஆண்டு. எல்லோருமாக ஹட்டனுக்கு வாடகை வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, மாதம் 45,000 அனுப்புவார். நான் 11 வருஷமாக மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறேன், இனி வேலையை விட்டுவிட்டு ஹட்டனில் ஒரு தையல் கடைக்குப் போகப் போகிறேன், 25,000 தருவதாகச் சொல்கிறார்கள். மாமியும் எங்களோடு வருவார். அவருக்கு 60 முடிந்து ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் ஒன்பது லட்சம் வந்திருக்கிறது.

இரண்டு வீடு பார்த்தோம். ஒன்று டவுனுக்குள், வாடகை 22,000. வீட்டுச் சொந்தக்காரர்கள் கீழே, நாங்கள் மேலே. கரண்டுக்கு அவர்களின் மீற்றர்தான். மற்றது டவுனிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி, 15,000. பின்னால் சின்னக் குசினியும் விறகடுப்பும் இருக்கிறது. இரண்டு பேரும் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். மாமியின் காசில் கட்டலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். குழு லோன் எடுக்கலாம் என்கிறார் நாத்தனார். லயத்தில் மாதம் 5,000 ரூபாய் சீட்டும் கட்டுகிறேன், இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. வருமானம் குறையவில்லை என்றாலும் பயமாக இருக்கிறது. எங்கே மிச்சம் பிடிப்பது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் பயம் சரியான பயம். மலைக்குப் போய்க் கிடைத்ததும் தையலில் கிடைக்கப் போவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருந்தும் மனதுக்குள் ஏதோ இடிக்கிறது. எதற்கென்று சொல்கிறேன்.

நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவள். எங்கள் குடும்பம் மஸ்கெலியாப் பக்கமிருந்து ஹட்டனுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வந்த மூன்றாம் நாள் அம்மா கடைக்குப் போய் ஒரு கட்டு விறகு வாங்கிக்கொண்டு வந்தார். கட்டை இஸ்தோப்பில் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "விறகுக்கா காசு குடுத்தேன்" என்று தனக்குத்தானே கேட்டார். அழவில்லை, ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. முப்பது வருஷம் மலையில் வேலை செய்தவர், தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்து மலையிலிருந்து மிளாறு, அந்த வெட்டிய குச்சிகளைச் சுமந்து வந்தே அடுப்பெரித்தவர். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு கூட்டுறவுக் கிராமிய வங்கியில் இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் இருந்தபோது, தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்களின் கணக்குப் புத்தகங்களில் அதே கதையைத்தான் பார்த்தேன். சம்பளம் குறைந்து கஷ்டப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். லயத்தில் சும்மா கிடைத்த சாமானெல்லாம் டவுனில் காசாக மாறுவதை யாரும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவில்லை. அதில்தான் பெரும்பாலானவர்கள் விழுந்தார்கள்.

அதனால் முதலில் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி, இன்றைக்கே, லயத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். காசு கொடுக்காமல் இந்த வாரம் எதையெல்லாம் பாவித்தீர்கள்? மலையிலிருந்து வந்து விழும் பீலித்தண்ணி. மிளாறு. தோட்டத்துத் தேயிலைத்தூள். காம்பராவுக்குப் பின்னால் போட்டிருக்கும் கீரை, பச்சைமிளகாய். மகன் நடந்தே போன பள்ளிக்கூடம். நீங்கள் மலையில் இருந்தபோது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் காம்பரா அக்கா. காய்ச்சல் என்றால் ஓடிப்போன தோட்டத்து டிஸ்பென்சரி. ஒவ்வொன்றுக்கும் நேராக, ஹட்டனில் இதற்கு என்ன செய்வேன் என்று எழுதுங்கள். சிலதுக்குக் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். சிலதை லொறியில் ஏற்றிக்கொண்டு போகலாம். சிலதுக்கு வீடு பார்க்கும்போதே வழி செய்யலாம். எந்த வீடு என்ற உங்கள் கேள்விக்கு விடை இந்தக் கொப்பியில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரையில் இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீடுதான் உங்களுக்கு நல்லது. வாடகை 7,000 குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த 7,000த்தில் பெரும்பகுதி பஸ்ஸுக்கும், மழை நாளில் திரீவீலருக்கும் போய்விடும். பிள்ளைகளுக்கு இ.போ.ச. (அரச) பஸ்ஸில் மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், பாடசாலையில் கடிதம் வாங்கினால் போதும், சாதாரண கட்டணத்தில் சின்னப் பங்குதான் வரும். ஆனி, ஆடி மழையில் ஹட்டனில் குடை நிற்காது, அது உங்களுக்கே தெரியும். மூன்று பேருக்கும் நல்ல மழைக்கோட்டு வாங்குவது செலவாகத் தெரியும், ஆனால் பத்து நாள் திரீவீலரில் போகும் காசுதான் அது.

நான் அந்த வீட்டைச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று விறகடுப்பு, மற்றது மீற்றர். மீற்றரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்களை நான் கண்டதில்லை.

நம்முடைய மின்சாரக் கட்டணம் படிக்கட்டு மாதிரி. வீட்டுப் பாவனைக்கு 30, 60, 90, 120, 180 யூனிட் என்று படிகள். மேலே ஏற ஏற யூனிட்டின் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். அதிலும் 60 என்பது மற்றப் படிகளைப் போல இல்லை. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலை. 61 ஆகிவிட்டால் மேலே போன அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலையில் கணக்குப் பார்க்கிறார்கள். 59க்கும் 62க்கும் நடுவில் மூன்று யூனிட்தான், பில்லில் அது பெரிய பள்ளம்.

இப்போது டவுன் வீட்டை யோசித்துப் பாருங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் மாதம் 90 யூனிட் எரிக்கிறார்கள் என்று வைப்போம். நீங்கள் சிக்கனமாக 50தான் எரிக்கிறீர்கள். மீற்றர் ஒன்று என்பதால் பில் 140க்கு வரும். தனி மீற்றரில் 50க்குக் கட்ட வேண்டிய காசு எங்கே, 140இல் உங்கள் பங்கென்று அவர்கள் பிரித்துக் கேட்கும் காசு எங்கே! அவர்கள் நியாயமானவர்களாகவே இருக்கலாம், உள்ள பில்லைத்தான் பிரிப்பார்கள். ஆனாலும் நீங்கள் லைட்டை அணைத்து அணைத்து மிச்சம் பிடித்தது உங்கள் கைக்கு வராது. ஆகவே எந்த வீடானாலும் முதல் கேள்வி, தனி மீற்றர் இருக்கிறதா என்பதுதான். அட்வான்ஸ், வாடகையெல்லாம் அதற்குப் பிறகு. தள்ளியிருக்கும் வீட்டின் கடைசி மூன்று மாத பில்லைக் காட்டச் சொல்லுங்கள், பழைய பாக்கி இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். சாவி வாங்கும் நாளில் மீற்றரில் ஓடியிருக்கும் யூனிட் எண்ணைப் போனில் போட்டோ எடுத்து, ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாதம் 60 என்றால் நாளைக்கு இரண்டு யூனிட், வாரத்துக்கு 14. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனை மீற்றர் பார்த்து எண்ணைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். நாலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கும் வரும், வீட்டுக் கணக்கும் விளங்கும். 14க்கு மேலே போன வாரம் எதில் போனது என்று எல்லோருமாக உட்கார்ந்து தேடலாம்.

எதில் போகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். லைட்டில் அல்ல, எல்.இ.டி. பல்ப் அவ்வளவு எடுக்காது. டீவியும் அல்ல. சுடுதண்ணியில்தான் போகும். நமது ஊர்க் குளிரில் பீலித்தண்ணியைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். லயத்தில் அடுப்பில் ஒரு குண்டானை வைத்துவிடுவோம், அதற்கு விலையே இல்லை. டவுனுக்குப் போனதும் வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி ஒன்று வாங்குவார்கள். பத்து லீற்றர் வாளித் தண்ணியை குளிக்கும் பதத்துக்குச் சுடவைக்க ஏறக்குறைய 0.3 யூனிட் வேண்டும். நாலு பேருக்கு நாலு வாளி என்றால் நாளைக்கு 1.2, மாதம் 36 யூனிட். உங்கள் 60இல் பாதிக்கு மேலே குளியலறையிலேயே கரைந்துவிடும். கரண்ட் கேத்தலில் ஒன்றரை லீற்றர் கொதிக்க 0.15 யூனிட் அளவு. ஒருதரம் என்றால் பரவாயில்லை, ஆளாளுக்குத் தேத்தண்ணிக்கென்று ஆறுதரம் போட்டால் மாதம் 27. இரண்டையும் கூட்டினாலே 63. மற்ற எதையும் போடாமலே படியைத் தாண்டிவிட்டீர்கள்.

அதனால் அந்த விறகடுப்பை நான் வெறும் அடுப்பாகப் பார்க்கவில்லை. விடிய ரொட்டி சுட்டதும் அதே தணலில் பெரிய குண்டானை ஏற்றிவிடுங்கள், குளிக்கத் தண்ணி தயார். கொதித்த தண்ணியில் இரண்டு பிளாஸ்க் நிரப்பிவிட்டால் மாமிக்குப் பகல் முழுக்கத் தேத்தண்ணிக்கு ஆகும். நல்ல பிளாஸ்க்குக்குக் காசு செலவழியுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். யூனிஃபோர்மை வாரத்துக்கு ஒருதரம் ஞாயிறு மாலை மொத்தமாக அயன் பண்ணுங்கள்.

ஒன்று மறக்காமல் கேளுங்கள். குளிருக்கென்று தணலைச் சட்டியில் எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் சாத்திய படுக்கையறையில் வைக்க வேண்டாம். தணலிலிருந்து வரும் நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாது, மணமும் வராது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மாமிக்குக் குளிர்ந்தால் இன்னொரு கம்பளி போடுங்கள். விறகடுப்பு எரியும்போது குசினிக் கதவும் திறந்தே இருக்கட்டும்.

விறகுக்கு எங்கே போவது என்றால், போகும்போதே கொண்டுபோங்கள். பொகவந்தலாவைக் கடைகளுக்குச் சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறிகள் எத்தனையோ. உங்கள் பெட்டி படுக்கைக்கென்று தனியாக ஒரு லொறி பேசினால் ஒரு விலை, அந்தத் திரும்பும் லொறியைப் பேசினால் வேறு விலை. கடை முதலாளி யாரையாவது பிடித்துக் கேட்டால் எந்த நாளில் எந்த லொறி என்று சொல்லிவிடுவார். அதில் சாமானுக்கு மேலே மூன்று மாதத்துக்கான காய்ந்த மிளாறை ஏற்றிவிடுங்கள். இப்போதிருந்தே சேர்த்து வைத்தால் நாத்தனார் வீட்டுப் பிள்ளைகளும் கை கொடுப்பார்கள். புது வீட்டில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அடுக்கினால் எந்த மழையிலும் ஈரம் ஏறாது. காஸ் அடுப்பும் ஒன்று வேண்டியதுதான், நீங்கள் வேலைக்கு ஓடும் காலையில் விறகோடு மல்லுக்கட்ட முடியாது. சிலிண்டர் மாற்றும் நாளை அதன் கழுத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். 12.5 கிலோ எத்தனை நாள் வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்ததுக்குக் காசை ஒதுக்கி வைக்க முடியும். பருப்பும் கடலையும் முதல்நாள் இரவே ஊறட்டும், பிரஷர் குக்கரில் வேகட்டும்.

இனிப் பெரிய காசு. மாமியின் ஒன்பது லட்சம் மாமியுடையது. இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நாற்பது வருஷம் விடிய வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நின்று, அட்டைக்கடியும் குளிரும் தின்று சேர்ந்த பணம் அது. இனி அவருக்குச் சம்பளம் இல்லை. அவருக்கு ஒரு வருத்தம் வந்தால் யாரிடமும் கையேந்தாமல் இருக்க அதுதான் இருக்கிறது. வாடகை அட்வான்ஸ் என்று ஒருதரம் கைவைத்தால், அடுத்தது ஃபிரிட்ஜ், அதற்கடுத்தது மகளின் டியூஷன் என்று இரண்டு வருஷத்தில் புத்தகம் காலியாகிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அப்படியும் நடக்கும். நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுப் போட்டு, கடைசியில் மருந்துக்குக் காசில்லாமல் தனியாக வந்து நின்ற ஆச்சிமாரை.

மாமியின் பெயரிலேயே நிலையான வைப்பில் போடுங்கள். தேசிய சேமிப்பு வங்கியில் போட்டால் வைப்புக்கு அரசாங்கமே பொறுப்பு, தபாலகத்திலும் அதன் சேமிப்புக் கணக்கு நடக்கிறது. வேறு வங்கி, நிதிக் கம்பனி என்றால் மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதியுள்ள நிறுவனம் முறிந்தால் வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. முழுவதையும் ஒரே வைப்பில் போட வேண்டாம். நடுவில் உடைத்தால் வட்டி குறைந்துபோகும். ஆறு லட்சத்தை ஒரு வருஷத்துக்கு, மாத வட்டி மாமியின் புத்தகத்தில் விழும்படி போடுங்கள். இரண்டரை லட்சத்தை மூன்று மாதத்துக்குப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மிச்சம் சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். அந்த மாத வட்டியிலிருந்து மாமி தன் விருப்பத்தில் வீட்டுக்கு ஏதும் வாங்கிப்போட்டால் அது அவர் சந்தோஷம். ஈ.பி.எஃப். வந்த செய்தி தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும். ஆள் சேர்த்தால் காசு பெருகும் என்று யாராவது வருவார்கள், சொந்தக்காரராகவே இருப்பார்கள். அது இந்த நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்ட வியாபாரம். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியென்றால் அட்வான்ஸுக்கு எங்கே போவது? உங்களுக்கே வர வேண்டிய பணம் இருக்கிறது, கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. 11 வருஷம் வேலை செய்திருக்கிறீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருஷம் முடிந்த நாட்சம்பளக்காரருக்கு வேலையை விடும்போது வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நம்மவர்கள் சேவைக்காலப் பணம் என்போமே, அதுதான். 11 வருஷத்துக்கு 154 நாள். 2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலே 2,07,900 ரூபாய். வயது 60 ஆனால்தான் கிடைக்கும் என்று நினைத்து, சும்மா நின்றுவிட்டு வந்துவிடுகிறார்கள் நிறையப் பிள்ளைகள். அப்படிச் செய்யாதீர்கள். வேலையை விடுவதை எழுத்தில் கொடுத்து, திகதி போட்ட பிரதியில் ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும், பிந்தினால் நிர்வாகம் மேலதிகமாகவும் கட்ட வேண்டிவரும். இழுத்தடித்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

உங்கள் ஈ.பி.எஃப்.ஐ இப்போது எடுக்க முடியாது, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும். பத்து வருஷம் கட்டி, மூன்று லட்சமாவது சேர்ந்திருந்தால் 30 வீதம் எடுக்க ஒரு வழி உண்டு, ஆனால் அது சொந்த வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் உள்ளது. அதை விட்டுவையுங்கள், வளரட்டும். ஈ.ரீ.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) வேறு. முதலாளி சம்பளத்துக்கு மேலே 3 வீதம் போட்டுவந்த பணம் அது. வேலையை விட்டதும் கேட்டு எடுக்கலாம், ஒருமுறை எடுத்தால் அடுத்த தடவைக்கு ஐந்து வருஷம் ஆகவேண்டும். புதுத் தையல் கடையிலும் இவை இரண்டும் கட்டுவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, அவர்கள் 12ம் 3ம் போட வேண்டும். 25,000 என்றால் அவர்கள் பக்கமிருந்து மாதம் 3,750 ரூபாய். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், கேட்பது உரிமை.

வீட்டுச் சொந்தக்காரரோடு பேசி அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறைக்கப் பாருங்கள். நாலு பேர், அதில் ஒரு வயதான அம்மா, படிக்கும் பிள்ளை, குடித்துக் கும்மாளம் போடுபவர்கள் இல்லை என்று தெரிந்தால் நல்ல மனுஷர்கள் இறங்கி வருவார்கள். ஆறு மாதமே என்றாலும் 90,000, உங்கள் சேவைக்காலப் பணத்தில் அடங்கும். அது கைக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றால் நகையை அரச வங்கியில் அடகு வைத்து, பணம் வந்ததும் முதல் வேலையாக மீட்டுவிடுங்கள்.

குழு லோன் வேண்டாம். நாத்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். என் தங்கை ஒருத்தி அப்படி எடுத்தவள்தான், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குக் காசு மாதத்துக்கு ஒருதரம் வரும், லோன்காரர் வாரத்துக்கு ஒருதரம் வருவார். மூன்றாம் வாரம் கையில் இருக்காது. குழுவில் நின்ற மற்றப் பெண்கள்தான் வாசலுக்கு வருவார்கள், முந்தாநாள் வரை ஒன்றாகக் கொழுந்தெடுத்தவர்கள். அந்த வாரத்தைச் சமாளிக்க இன்னொரு கம்பனியில் எடுக்க வேண்டிவரும். என் தங்கை மூன்று கம்பனி வரைக்கும் போனாள். அதிலிருந்து வெளியே வர நாலு வருஷம் பிடித்தது, அவளது தாலிக்கொடி திரும்பவே இல்லை.

சீட்டை விடாதீர்கள். ஏழு மாதமும் நாத்தனார் கையில் முதல் வாரமே கொடுத்துக் கட்டிவிடுங்கள். ஏலத்தில் தள்ளி அவசரமாக எடுக்கவும் வேண்டாம். கடைசிச் சீட்டு உங்கள் கைக்கு வரும்போது டவுன் வாழ்க்கை ஓரளவு பிடிபட்டிருக்கும். என்ன சாமான் உண்மையிலேயே தேவை என்பதும் அப்போதுதான் தெரியும். அதுவரைக்கும், குறைந்தது மூன்று மாதத்துக்காவது, பெரிய சாமான் எதையும் தவணைக்கு வாங்க வேண்டாம். புது வீடு வெறுமையாகத் தெரியும், பார்க்க வருகிறவர்கள் சோஃபா இல்லையா என்பார்கள். பாய் விரித்து உட்காரச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, லயத்தில் குடும்பம் நடத்தியவளுக்கு யார் பாடம் எடுப்பது. ஒன்றே ஒன்று. டவுனில் மரக்கறிக் கடையில் போகும் காசு கொஞ்சம், சாயங்காலப் பசியில் போகும் காசுதான் அதிகம். நீங்கள் தையல் கடையிலிருந்து களைத்து வருவீர்கள், மகள் டியூஷன் முடிந்து வருவாள், வழியெல்லாம் பேக்கரி. ஒரு ரோல்ஸ் 100 ரூபாய் என்று வைத்தாலும் மூன்று பேர், 24 நாள், 7,200. தூரத்து வீட்டுக்குப் போய் மிச்சம் பிடித்த வாடகை முழுவதும் கடதாசிப் பைக்குள் போய்விட்டது. மாமி பகலில் வீட்டில்தானே இருப்பார். அவித்த கடலையோ, ரொட்டியும் கட்டசம்பலுமோ நாலு மணிக்குத் தயாராக இருந்தால் யாரும் பேக்கரிப் பக்கம் திரும்பமாட்டார்கள். அவருக்கும் இந்த வீட்டில் தன் கைக்கு வேலை இருக்கிறது என்ற நிறைவு வரும். நாற்பது வருஷம் வேலை செய்த உடம்பைச் சும்மா உட்காரவைத்தால் அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

லயத்துக் கடைக் கொப்பியில் பாக்கி இருந்தால் கிளம்பும் முன் அடைத்துவிடுங்கள். ஹட்டனில் புதுக் கொப்பி எதுவும் திறக்க வேண்டாம்.

காம்பராவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வேலை செய்கிறவர் யாரும் இல்லையென்றால் நிர்வாகம் அதை வேறு ஆளுக்குக் கொடுக்கப் பார்க்கும், அதனால் பூட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து அறிவித்த 10,000 வீடுகள் போல எந்தத் திட்டத்திலாவது மாமியின் பெயரோ உங்கள் பெயரோ எழுதப்பட்டிருந்தால், தோட்டத்தை விட்டு வெளியேறினால் அந்தப் பெயர் நிற்குமா என்று முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்படியான வீட்டோடு வரும் ஏழு பேர்ச் காணி என்பது வாடகை வீட்டில் பிடிக்கும் எல்லா மிச்சத்தையும்விடப் பெரியது. அது போய்விடும் என்றால், மாமி லயத்தில் நாத்தனாரோடு இருப்பதா உங்களோடு வருவதா என்பதைக்கூட மறுபடி யோசிக்கலாம். கிராம சேவகரையும் இரண்டு பக்கமும் பாருங்கள். அஸ்வெசும (அரசாங்க உதவிப் பணம்) கிடைக்கிறதென்றால் விலாச மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு அது நின்றுபோனவர்கள் உண்டு. வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அதே நாளில் முடிவு செய்யுங்கள்.

தோட்டத்துக் கீரைப்பாத்தியைச் சும்மா விட்டுவிட வேண்டாம். நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, மாமி மாதம் ஒருதரம் உறவைப் பார்க்கப் போகும்போது ஒரு பை மரக்கறியோடு திரும்பட்டும். புது வீட்டின் பின்பக்கம் நாலு முழ இடமிருந்தாலும் பொன்னாங்காணியும் வல்லாரையும் ஊன்றினால் பிடிக்கும். வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி, அந்த மிளாறோடு லொறியிலேயே வைத்துவிடுங்கள்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் மீற்றர் பில்லைக் கேட்டதும் எனக்கு மறுபடி எழுதுங்கள். வருமானத்தில் வாடகை, சீட்டு, சீசன் போக மிச்சம் உள்ளதை வாரக் கணக்காக எப்படிப் பிரிப்பது என்று உங்கள் கொப்பியை வைத்தே சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா